தீவுக் கிழவர்களைத் தேடிய டாக்டர்

1846-ம் வருஷம். கோடைகாலம்.

வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு ஒரு படகு போய்க் கொண்டிருந்தது. துடுப்புப் போட்டவர்கள் தீவு மக்கள். அவர்கள் நடுவே உட்கார்ந்திருந்தவர் 25 வயது வாலிபர். அவர் ஒரு டாக்டர். பரீட்சையில் தேறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அவர் ஊர் ஊராகப் போனார். நோயாளிகளைப் பார்த்தார். அது எந்த டாக்டரும் செய்கிற வேலைதான். ஆனால் அவர் இன்னொரு காரியமும் செய்தார். நோய் வராதவர்களையும் தேடிப் போய்ப் பார்த்தார். அதிலும் வயதானவர்களைத் தேடினார். கோல் ஊன்றி நடக்கும் கிழவர்களையும், அடுப்படியில் குளிர் காயும் கிழவிகளையும் கண்டு, சின்ன வயதில் மணல்வாரி கண்டதா என்று விசாரித்தார்.

அந்த வாலிப டாக்டரின் பெயர் பீட்டர் லுத்விக் பானும். ஒரு முறை வந்த நோயை மனித உடல் எத்தனை காலம் நினைவில் வைத்திருக்கும் என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் அவர்தான்.

தீவில் பிறந்தவர்

பானும் டென்மார்க் நாட்டுக்காரர். அந்த நாட்டைச் சேர்ந்த போர்ன்ஹோம் என்ற தீவில், ரோனே என்ற ஊரில், 1820-ம் வருஷம் டிசம்பர் 19-ந் தேதி பிறந்தார். தகப்பனார் ராணுவத்தில் வைத்தியர். மகனும் வைத்தியமே படித்தார். கீல் நகரத்திலும், பிறகு தலைநகரமான கோபன்ஹேகனிலும் படித்து, 1845-ல் டாக்டரானார்.

மறு வருஷமே அரசாங்கம் அவரைக் கூப்பிட்டது. பேரோ தீவுகளில் மணல்வாரி பரவி விட்டது. ஜனங்கள் கொத்துக் கொத்தாகப் படுத்துவிட்டார்கள். அங்கே இருக்கிற வைத்தியர்களோ மிகச் சிலர். உடனே போக வேண்டும் என்று பானுமையும், மானிகஸ் என்ற இன்னொரு டாக்டரையும் அனுப்பி வைத்தார்கள்.

பேரோ தீவுகள் ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே இருக்கின்றன. மொத்தம் 18 தீவுகள். அவற்றில் 17 தீவுகளில் மனிதர்கள் வசித்தார்கள். மரம் வளராத மலைகள். ஓயாத காற்று. புல் முளைத்த கூரை வீடுகள். ஆடு வளர்ப்பதும், மீன் பிடிப்பதும், கடற்பறவைகளைப் பிடிப்பதும்தான் பிழைப்பு. ஆட்டிறைச்சிக்கு உப்புக்கூடப் போட மாட்டார்கள். காற்றிலேயே தொங்கவிட்டுக் காய வைத்துச் சாப்பிடுவார்கள். இதையெல்லாம் பானும் ஒன்று விடாமல் எழுதி வைத்தார். நோயைப் பார்க்கப் போனவர் ஆட்டிறைச்சியைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று தோன்றலாம். ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியாமல், நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரிந்துகொள்ள முடியாது என்பது அவர் எண்ணம்.

அந்தக் காலத்தில் பேரோ தீவுகளின் வியாபாரம் முழுவதும் டென்மார்க் அரசரின் கையில் இருந்தது. மற்றவர்களின் கப்பல்கள் அங்கே போய் வியாபாரம் செய்யக் கூடாது. 1856 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்தது. அதனால் அங்கே வரும் கப்பல்கள் குறைவு. வருகிற மனிதர்கள் குறைவு. நோய்களும் குறைவு!

மணல்வாரி அங்கே கடைசியாக வந்தது 1781-ல். அதற்குப் பிறகு 65 வருஷம் அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. தாத்தாக்களும் பாட்டிகளும் குழந்தைகளாக இருந்தபோது வந்த நோய் அது. மற்ற யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை.

ஒரு தச்சர் வந்தார்

1846 மார்ச் 20-ந் தேதி. மரச் சாமான்கள் செய்யும் தச்சர் ஒருவர் கோபன்ஹேகனில் கப்பல் ஏறினார். புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால், மணல்வாரி கண்டிருந்த சிலரைப் பார்த்துவிட்டு வந்தார். வழியில் அவருக்கு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருந்தார். மார்ச் 28-ந் தேதி பேரோ தீவுகளின் முக்கிய ஊரான டோர்ஷாவ்னில் இறங்கினார். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அவருக்கு ஜுரம் வந்தது. உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. பிறகு, அவருடன் பழகிய நண்பர்கள் இரண்டு பேருக்கும் வந்தது.

அதிலிருந்து பிடித்தது சனியன்! அந்தத் தீவுகளின் ஜனத்தொகை அப்போது 7,782. சில மாதங்களுக்குள் அவர்களில் சுமார் 6,000 பேர் மணல்வாரியில் படுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

நம் வீடுகளில் குழந்தைக்கு மணல்வாரி கண்டால், பெரியவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக் கொள்வார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் சிறு வயதிலேயே வந்து போயிருக்கும். பேரோ தீவுகளில் அப்படி இல்லை. பிள்ளை படுத்தான், தாய் படுத்தாள், தகப்பன் படுத்தான். கஞ்சி காய்ச்சிக் கொடுக்க எழுந்து நடமாடும் ஆள் இல்லாமல் போனால் என்ன செய்வது?

நாள் கணக்கு

இந்த நேரத்தில்தான் பானும் வந்து சேர்ந்தார். நோயாளிகளுக்கு வைத்தியம் செய்துகொண்டே, கணக்கும் எடுத்தார். 52 ஊர்களில் நோய் எப்படி வந்தது என்று நாள் தேதியோடு விசாரித்தார்.

வேறு நாட்டில் இது நடக்கிற காரியமா? ஒரு பட்டணத்தில் ஒருவர் ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கிறார். யாரிடமிருந்து நோய் வந்தது என்று எப்படிச் சொல்வது? பேரோ தீவுகளில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே மலையோ கடலோ இருக்கும். வெளியூர் ஆள் வருவதே அபூர்வம். யார் வந்தார், என்றைக்கு வந்தார் என்பது ஊருக்கே ஞாபகம் இருக்கும்.

ட்யோர்னுவிக் என்று ஒரு சிறு கிராமம். அங்கிருந்து 10 பேர் ஒரே படகில் ஏறி, ஜூன் 4-ந் தேதி வெஸ்ட்மன்னா என்ற ஊருக்குத் திமிங்கல வேட்டைக்குப் போனார்கள். பேரோ மக்களுக்குத் திமிங்கல வேட்டை ஒரு திருவிழா மாதிரி. பல ஊர்க்காரர்கள் கூடுவார்கள். வேட்டை முடிந்து 10 பேரும் ஊர் திரும்பினார்கள். ஜூன் 18-ந் தேதி, அந்த 10 பேருக்கும் ஒன்றாக உடம்பில் மணல்வாரி தடித்துவிட்டது!

ஜூன் 4, ஜூன் 18. சரியாக 14 நாள். பிறகு இன்னும் இரண்டு வாரம் கழித்து, அந்தக் கிராமத்தில் மற்றவர்களுக்கும் வந்தது.

இப்படியே ஊருக்கு ஊர் கணக்குப் பார்த்தார் பானும். நோயாளியோடு பழகிய நாளிலிருந்து தடிப்பு வெளியே தெரிகிற வரையில் 13 அல்லது 14 நாள் ஆகிறது என்று கண்டார். கெட்ட காற்றினால் மணல்வாரி வருகிறது என்று அந்தக் காலத்தில் படித்த டாக்டர்களே நம்பினார்கள். அது தவறு, மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றுவதுதான் என்று பானும் தீர்மானமாக எழுதினார். யாரையும் உள்ளே விடாமல் தங்களைக் காத்துக்கொண்ட ஊர்கள் தப்பின. அவையும் அதே காற்றைத்தானே சுவாசித்தன?

தப்பிய முதியவர்கள்

ஆனால் நோய் புகுந்த ஊர்களிலும் சிலர் தப்பினார்கள். அவர்கள் வீட்டில் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் படுத்துக் கிடந்தார்கள். அதே அறையில், அதே அடுப்போரத்தில் இருந்த இந்தத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மட்டும் ஒன்றும் வரவில்லை.

பானும் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். 1781-ல் மணல்வாரி வந்து பிழைத்த முதியவர்களில் 98 பேரை அவரே நேரில் கண்டு விசாரித்தார். 98 பேரில் ஒருவருக்குக்கூட மறுபடி நோய் வரவில்லை. 98-க்கு 98!

இங்கே ஒரு சந்தேகம் வரும். வயதாகிவிட்டதால்தான் வரவில்லையோ? கிழ உடம்பை மணல்வாரி தொடாதோ? வேறொருவராக இருந்தால் அப்படியே எழுதிவிட்டுப் போயிருப்பார். மணல்வாரி குழந்தைகளுக்கு வருகிற நோய் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்?

பானும் இதையும் சோதித்தார். 1781-ல் அந்த நோய் எட்டாத வீடுகளும் இருந்தன. அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்து, ஒரு முறைகூட மணல்வாரி வராமலே முதுமை அடைந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கதி என்ன? நோயாளிகளோடு பழகிய அத்தகைய முதியவர்கள் எல்லோருக்கும் நோய் வந்தது. வயது அவர்களைக் காப்பாற்றவில்லை. அது மட்டுமா? குழந்தைகளைப் போலவே முதியவர்களிடமும்தான் அந்த நோய் கடுமையாக இருந்தது. நடு வயதுக்காரர்களும் சிறுவர்களும் அவர்களைவிட எளிதாகத் தேறினார்கள்.

இரண்டு கிழவர்கள். ஒரே ஊர். ஒரே வயது. ஒருவருக்கு 65 வருஷத்துக்கு முன்னால் மணல்வாரி வந்து போனது. இப்போது அவர் பேரனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார். இன்னொருவருக்கு அப்போது வரவில்லை. இப்போது அவர் பேரனோடு சேர்ந்து படுத்திருக்கிறார். இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆராய்ச்சிசாலையிலும் செய்ய முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடையில் 65 வருஷம் மணல்வாரி அந்தத் தீவுகளுக்கு வரவே இல்லை. அடிக்கடி நோயைச் சந்தித்ததால் உடம்பு பழகிக்கொண்டது என்று சொல்ல வழியே இல்லை. குழந்தைப் பருவத்தில் ஒரே ஒரு முறை சந்தித்ததுதான். அந்த நினைவு கிழ வயது வரையில் அழியாமல் இருந்தது.

பாட்டியின் ஞாபகம்

காரணம் என்ன என்பது பானுமுக்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை. மணல்வாரிக்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்ததே 1954-ல்தான். அமெரிக்காவில் எண்டர்ஸ், பீபிள்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் அதைச் செய்தார்கள். 1963-ல் தடுப்பு மருந்து புழக்கத்துக்கு வந்தது.

நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. புதிய கிருமி ஒன்று உள்ளே வந்தால், அதை அடையாளம் கண்டுபிடிக்க அவற்றுக்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் நோய் வந்துவிடும். பிறகு அந்த அணுக்கள் பெருகி, கிருமியை மடக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கும். நோய் தீர்ந்த பிறகு பெரும்பாலான அணுக்கள் மறைந்துவிடும். சில மட்டும் தங்கிவிடும். எலும்பு மஜ்ஜையில் குடியிருந்துகொண்டு, வருஷக் கணக்காக எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருப்பவையும் உண்டு. அதே கிருமி மறுபடி வந்தால், இந்தப் பழைய அணுக்கள் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். நோய் தலைகாட்டும் முன்பே கதை முடிந்துவிடும்.

இந்த நினைவுக்கு எத்தனை ஆயுள்? 1918-ல் உலகத்தையே ஆட்டி வைத்த விஷ ஜுரம் ஒன்று வந்தது. அதிலிருந்து தப்பிய 32 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 2008-ல் விஞ்ஞானிகள் முடிவை வெளியிட்டார்கள். அந்த 32 பேருக்கும் வயது 91 முதல் 101 வரை. 90 வருஷம் கழித்தும் அவர்கள் உடல் அந்தக் கிருமியை மறக்கவில்லை!

அப்படியானால் முதியவர்கள் நோய்க்கு ஏன் சுலபமாக ஆளாகிறார்கள்? வீட்டில் பாட்டியைப் பாருங்கள். தன் கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள், என்ன சீர் வைத்தார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வாள். நேற்று வந்துவிட்டுப் போனவர் பெயர் நினைவுக்கு வராது. உடம்பும் ஏறக்குறைய அப்படித்தான். பழைய கிருமிகளின் ஞாபகம் அதற்கு உண்டு. புதிய கிருமியைப் பார்த்துப் பாடம் படிப்பதுதான் கஷ்டம்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்கு அதுதான் பள்ளிக்கூடம். சிறு வயதில் அது பெரிதாக இருக்கும். வாலிப வயதிலிருந்தே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடும். அப்போது புதிதாகப் படித்து வெளியே வரும் அணுக்கள் குறைந்துவிடும். அதனால் இதுவரை காணாத வைரஸ் வந்தால், முதியவர்களின் உடல் தாமதமாகவும் பலவீனமாகவும் எதிர்க்கிறது. 2020-ல் கொரோனா பரவியபோது முதியவர்கள் அதிகமாக இறந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். 1846-ல் மணல்வாரியை முதன்முதலாகச் சந்தித்த பேரோ தீவு முதியவர்களின் நிலையும் அதுதான்.

பழைய காவலும் எல்லா நோய்க்கும் ஒரே மாதிரி நிற்பதில்லை. சின்னம்மை வந்து போனாலும், அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போகாமல் நரம்புகளின் வேரில் தூங்கிக் கிடக்கும். வயதாகிக் காவல் தளர்ந்ததும் சிலருக்கு அது விழித்துக்கொள்ளும். அதுதான் அக்கி. நம் ஊரில் குயவரிடம் போய்ச் செம்மண் குழம்பால் எழுதிக் கொள்வார்களே, அந்த அக்கிதான். நல்ல வேளையாக மணல்வாரி அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல.

பேராசிரியர் பானும்

ஊர் திரும்பிய பானும், தாம் கண்டதையெல்லாம் எழுதி 1847-ல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 26. அந்த ஒரு நூலினால் அவர் பெயர் நிலைத்தது. அப்புறம் அவர் செய்த காரியங்களும் சாமானியமானவை அல்ல. 1850-ல் பண்ட்ஹோம் என்ற ஊரில் காலரா வந்தபோது அங்கே போனார். பிறகு பாரிசுக்குச் சென்று, பெயர் பெற்ற விஞ்ஞானி கிளாடு பெர்னார்டிடம் படித்தார். 1853-ல் கீல் சர்வகலாசாலையில் பேராசிரியரானார். அழுகிய பொருள்களில் ஒரு விஷம் உண்டு என்றும், 11 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அது கெடுவதில்லை என்றும் 1856-ல் கண்டுபிடித்தார். கிருமி செத்தாலும் அதன் விஷம் சாகாமல் இருக்கலாம் என்பதற்கு அது முதல் தடயம்.

பிறகு கோபன்ஹேகனுக்கே திரும்பி, அங்கே உடலியல் பேராசிரியராக அமர்ந்தார். புதிய ஆராய்ச்சிசாலையை அமைத்தார். அவரிடம் உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டியன் போர். அணுவின் அமைப்பை விளக்கி நோபல் பரிசு வாங்கிய நீல்ஸ் போரின் தகப்பனார்தான் அவர்.

1884-ல் கோபன்ஹேகனில் சர்வதேச வைத்திய மகாநாடு நடந்தது. பல தேசத்து டாக்டர்கள் கூடினார்கள். பிரான்சிலிருந்து லூயி பாஸ்டர் வந்திருந்தார். ஒரு முறை நோயைக் காட்டிவிட்டால் உடல் அதை மறக்காது என்பதை வைத்துத்தான் பாஸ்டர் தடுப்பு மருந்துகள் செய்து கொண்டிருந்தார். அந்த மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், 38 வருஷத்துக்கு முன்னால் படகேறித் தீவுக் கிழவர்களைத் தேடிப் போன பானும்!

அடுத்த வருஷம், 1885 மே 2-ந் தேதி, கோபன்ஹேகனில் அவர் காலமானார். அந்த நகரத்துச் சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதி இருக்கும் பெரிய கட்டடத்துக்குப் பிற்காலத்தில் அவர் பெயரை வைத்தார்கள்.

1781-ல் கைக்குழந்தையாக இருந்து மணல்வாரியில் பிழைத்தவருக்குக்கூட, பானும் போய்ப் பார்த்தபோது 65 வயது ஆகியிருக்கும். அவர் சந்தித்த 98 பேரில் மிக இளையவர் வயதே ஏறக்குறைய அவ்வளவுதான். பானும் இறந்தபோது அவருக்கு 64.